மூன்றாம் லேனில் எண்ணெய்

கல்யாணமான பதினொரு மாதத்தில் சாம்சன் தன் மனைவி ஸ்நேகாவோடு பேசியதைவிட பௌலிங் ஆடியதுதான் அதிகம். பௌலிங் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்து மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இது வேறு. வழவழவென்று நீண்ட மரப்பாதையில் கனமான பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. அதையும் அவர்கள் நிஜமாக ஆடவில்லை. செல்போனில், விரலால், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஆடினார்கள்.

ஏன் இப்படி ஒரு தலையெழுத்து என்றால், இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு பிரேக் டிஸ்க் செய்கிற கம்பெனி. ஸ்நேகா இன்ஸ்பெக்‌ஷனில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை. சாம்சன் மெஷின் ஷாப்பில் இரண்டிலிருந்து பத்து வரை. மணவாள நகரில் அவர்கள் வீட்டு முனையில் அவளுடைய பஸ் காலை நாலேகாலுக்கு வரும். அவன் அப்போது அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். அவன் திரும்பி வரும்போது மணி பதினொன்றே முக்கால் ஆகியிருக்கும். அவள் தூங்குவாள். பகல் ஒன்றேமுக்காலுக்கு அவன் பஸ் கேட்டுக்குள் நுழையும், இரண்டேகாலுக்கு அவள் பஸ் கேட்டைத் தாண்டும். நடுவில் இருக்கிற அந்த அரை மணி நேரமாவது பார்த்துக்கொள்ளலாமே என்றால், அவன் ஒன்று ஐம்பத்தைந்துக்குள் கார்டு தேய்க்க வேண்டும், அவள் இரண்டு அடிக்கும்வரை மேஜையை விட்டு நகரக் கூடாது. ஒரே காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு புருஷன் பெண்டாட்டி முகம் பார்க்க முடியாது. இதைவிடப் பேஜாரு உண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் கோயில் பாதி, துணி துவைப்பது பாதி, மாமியார் வீடு மீதி. தூக்கம் அதற்கும் மேலே.

அதனால்தான் அந்த விளையாட்டு. அதில் ஒரு வசதி இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டியதில்லை. அவள் தன் முறையை பஸ்ஸில் போட்டுவிட்டால் இவன் போன் 'டிங்' என்று சத்தம் கொடுக்கும். இவன் டீ நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து தன் முறையைப் போட்டால் அங்கே 'டிங்'. கூடவே ஒரு வரி எழுதி அனுப்பலாம். வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் முழுக்க கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணி வரவில்லை, உங்க அம்மா போன் பண்ணாங்க என்று வீட்டு வேலையே ஓடும். ஆசையாக ஒரு வார்த்தை, சீண்டலாக ஒரு வார்த்தை எல்லாம் அந்த விளையாட்டில்தான். 'ஏழுதான் உழுந்துச்சா மாமா? மத்தியானம் சரியா துன்னலியா?' என்று அவள் எழுதுவாள். அதைப் படித்துவிட்டு சாம்சன் டீயை ஆற விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான்.

ஆட்டத்தில் அவள்தான் கில்லாடி. விரலை வலது பக்கம் இழுத்து, விடும்போது சின்னதாக ஒரு திருகு கொடுப்பாள். பந்து ஓரமாகப் போய், கடைசி நேரத்தில் மனம் மாறினதுபோல் உள்ளே திரும்பி, முதல் கட்டையின் பக்கவாட்டில் போய் இடிக்கும். பத்தும் சாயும். இருநூறுக்குக் கீழே அவள் இறங்கியதே இல்லை. இவன் நூற்று நாற்பதைத் தாண்டினால் அன்று அவனுக்குப் பெருநாள்.

ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுங்கள் என்று சாம்சன் மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டான். மூன்று முறையும் எச்.ஆர். அதிகாரி வீரராகவன் மறுத்துவிட்டார். திருநின்றவூர்க்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஜாதி.

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல இடம் இல்ல சாம்சன். ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு இருபது பேர் வந்து நிப்பாங்க. ரூல்ல எங்கயாவது வழி இருந்தா காட்டு, நானே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ரூலில் வழி ஏது? இவனும் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழா வந்தது. போன வருஷம் போட்டியில் ஜெயித்தவர்களுக்கெல்லாம் ஹாட்பாக்ஸ் கொடுத்து, வீட்டுக்கு வீடு ஹாட்பாக்ஸாகி, கல்யாணத்தில் மொய்யாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லாமல் போனது. இந்த வருஷம் என்ன பரிசு வேண்டும் என்று நீங்களே எழுதிப் போடுங்கள் என்று கேட்டில் பெட்டி வைத்தார்கள். யாரோ ஒருவர் எழுதிப் போட்டிருந்தார்: 'ஆறு மாசத்துக்குக் கேட்ட ஷிஃப்ட் குடுங்க. நமக்கு வேணாம்னா நம்ம குடும்பத்துல இங்க வேலை செய்றவங்களுக்குக் குடுங்க.' முதலாளிக்கு அது பிடித்துப்போனது, காசு செலவில்லை அல்லவா. அப்படியே அறிவித்துவிட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டின் எழுத்தைப் பார்த்ததும் சாம்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஷ'வை அப்படி வளைத்து எழுத அவன் பெண்டாட்டி ஒருத்தியால்தான் முடியும்.

போட்டி என்ன தெரியுமா? சென்னையில் ஒரு மாலில் பௌலிங். நாலு டிபார்ட்மென்ட், நாலு பேர், ஜெயிக்கிறவர் ஒருவர்.

அன்று டீ நேரத்தில் 'டிங்'. 'மாமா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான்தான். ஆறு மாசம் ஒரே பஸ்ஸு. பாட்டு கேட்டுகினு போலாம்.'

சாம்சன் அதை எத்தனை முறை படித்தான் என்று கணக்கில்லை.

இந்த இடத்தில் சாம்சனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. அவனுக்குத் தரையில் எண்ணெய் கிடந்தால் ஆகாது. மெஷின் ஷாப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்த ஒருவரை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து சட்டைப் பையில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி ஒரு துண்டும் ஒரு மஞ்சள் கார்டும் இல்லாமல் அவன் வெளியே கிளம்புவதில்லை. ஆபத்தைப் பார்த்துச் சரி செய்தால் அந்த மஞ்சள் கார்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். இடம், நேரம், கண்டது, செய்தது என்று நாலு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் 'அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டீர்களா?' என்று இருக்கும். அதிகக் கார்டு கொடுத்தவன் என்று அவன் போட்டோ கேன்டீன் சுவரில் தொங்குகிறது. தன் கல்யாணத்திலேயே கோட்டு சூட்டோடு பந்தியில் குனிந்து சிந்தின ரசத்தைத் துடைத்தவன் அவன். வீடியோவில் இருக்கிறது, ஸ்நேகா விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு இருவரும் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து போவதே ஒரு திருவிழாவாக இருந்தது. செவ்வாப்பேட்டை தாண்டும்வரை அவள் போனில் திருகிப் பழகிக்கொண்டே வந்தாள். மூன்று ஆட்டம், மூன்றிலும் இருநூறுக்கு மேல்.

"நெசமா போடும்போதும் இப்டியே வரும் இல்ல மாமா?"

"ஏன் வராது? அதே பத்துக் கட்ட, அதே பந்து."

அதே பந்தா! மாலுக்குள் போனதும் முதல் அடி செருப்பில் விழுந்தது. சொந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் கொடுக்கிற ஷூவைப் போட வேண்டும். சிவப்பும் நீலமுமாக, முந்தின ஆள் கால் சூடு இன்னும் ஆறாத ஷூ. ஸ்நேகா மூக்கைச் சுளித்துக்கொண்டு கட்டினாள். அடுத்தது பந்து. ஐந்தரைக் கிலோ. தூக்கின கையோடு, "நம்ம டிஸ்க்க வுட அரக் கிலோ கம்மி" என்றாள். எட்டு மணி நேரமும் ஆறு கிலோ டிஸ்க்கைத் தூக்கிப் பார்க்கிற கை அது, தப்பாகச் சொல்லாது. ஆனால் டிஸ்க்கில் விரலை நுழைக்கிற ஓட்டை கிடையாது. இதில் மூன்று இருந்தது. பாதையோ அறுபது அடி. போனில் அது அவள் சுண்டுவிரல் நீளம்.

அவளுக்கு மூன்றாம் லேன். பக்கத்து இரண்டாம் லேனில் டூல் ரூம் தணிகைவேல். சாந்தமான ஆள், பெரிய தோள், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். விசில் ஊதியதும் நாலு பேரும் போட்டார்கள். ஸ்நேகா ஓடி வந்து, கையை ஆட்டி, பழகின அந்தத் திருகைக் கொடுத்தாள். கட்டைவிரல் ஓட்டையில் மாட்டிக்கொண்டது. பந்து தொம்மென்று கீழே விழுந்து, நேராகப் பாதையோரம் சாக்கடைபோல் ஓடுகிற பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு கட்டையையும் தொடாமல் போய்ச் சேர்ந்தது. பின்னால் கம்பெனி மொத்தமும் "அய்யய்யோ" என்றது. போனில் தோற்றால் பின்னால் இத்தனை பேர் அய்யய்யோ சொல்ல மாட்டார்கள்.

ஆட்டம் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரண்டு பந்து. மூன்று சுற்று முடிந்தது. அவளுக்குப் பதினெட்டு. தணிகைவேலுக்கு முப்பத்தொன்று.

"கேம்ல திரும்புது மாமா, இங்க திரும்பவே மாட்டேங்குது. நான் திருகறேன், அது சறுக்கிகினே போவுது." அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஆறு மாசம் மாமா."

சாம்சன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அந்த நேரம் பிரியாணி வந்துவிட்டது என்று வீரராகவன் இடைவேளை விட்டார். பிரியாணி என்றதும் லேனாவது பந்தாவது, ஒட்டுமொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. ஸ்நேகாவை அவள் தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சாம்சன் மட்டும் மூன்றாம் லேன் முன்னால் நின்றான். மெஷின் ஷாப் மூளை அவனுக்கு. பந்து சுற்றுகிறது, ஆனால் தரையைப் பிடிக்கவில்லை. சுற்றுகிற ஒன்று பிடிக்கவில்லை என்றால் நடுவில் என்ன இருக்கும்? குனிந்து, ஆடுகிறவர் தாண்டிக் காலை வைக்கக் கூடாத கோட்டுக்கு அந்தப் பக்கம் விரலை வைத்துப் பார்த்தான். மெல்லிசாக, பளபளவென்று, எண்ணெய்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பேர் ஓடியாடுகிற இடத்தில் எண்ணெயா? முகர்ந்து பார்த்தான். மேலே நிமிர்ந்து ஏ.சி. ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஸ்நேகா ஓடி வரும்போது காலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் கை தன்னால் பையிலிருந்த பனியன் வேஸ்ட்டைத் தேடியது. அது கையகலம், பாதையோ அறுபது அடி. மூலையில் ஒரு மாப் சாய்ந்திருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு, மாப்பை எடுத்துக்கொண்டு, சாக்கடை ஓரமாகவே அடிமேல் அடி வைத்து நடந்து, எட்டின மட்டும் துடைத்தான். கோட்டைத் தாண்டும்போது எங்கேயோ ஒரு பஸ்ஸர் அலறியது. பிரியாணிச் சத்தத்தில் அது யார் காதில் விழப்போகிறது? பாதிப் பாதைவரை போய், எண்ணெய் இல்லை என்று விரலால் இரண்டு முறை சோதித்துவிட்டுத்தான் திரும்பினான். மாப்பை எடுத்த இடத்தில் வைத்தான். பிறகு கார்டை எடுத்து எழுதினான். 'இடம்: லேன் 3. கண்டது: தரையில் எண்ணெய். செய்தது: துடைத்தேன்.' நேரமும் போட்டான். ஐந்தாவது கட்டம் வந்தபோது பிரியாணி தீர்ந்துவிடப் போகிறது என்று யாரோ கத்தினார்கள். ஓடிவிட்டான்.

இடைவேளைக்குப் பிறகு நடந்தது இருக்கிறதே! ஸ்நேகா நான்காம் சுற்றில் போட்டாள். பந்து வலது ஓரமாகப் போனது, போனது, பிறகு அப்படியே உள்ளே திரும்பியது. போனில் வருகிற அதே வளைவு. முதல் கட்டையின் பக்கவாட்டில் இடித்தது. பத்தும் காலி. ஐந்தாம் சுற்றிலும் பத்தும் காலி. ஆறாவதிலும் அப்படியே. இன்ஸ்பெக்‌ஷன் பெண்கள் நாற்காலிமேல் ஏறிக் கூத்தடித்தார்கள். ஸ்நேகா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாம்சனிடம் ஓடி வந்தாள்.

"வந்துச்சி மாமா! கேம்ல வர்ற மாதிரியே வந்துச்சி! பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்!" அத்தனை பேர் முன்னால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். சுற்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நேரே போய் வீரராகவனிடம் மஞ்சள் கார்டை நீட்டினான். கேன்டீனில் இன்னொரு போட்டோ என்ற நினைப்பு.

வீரராகவன் படித்தார். இன்னொரு முறை படித்தார். அதற்குள் லேன் மெக்கானிக் அங்கே வந்துவிட்டார். ஷேக் தாவூத் என்று பெயர், பழவேற்காட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். மூன்றாம் லேனில் பந்து போகிற விதத்தை நடுவில் நின்று பார்த்தவர், முகம் மாறி, கோட்டுக்கு அந்தப் பக்கம் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"யாரு இங்க எண்ணெய தொடச்சது?"

"நான்தான் பாய்" என்றான் சாம்சன், நெஞ்சை நிமிர்த்தி. "இவ்ளோ எண்ணெய் கொட்டிகெடக்குது, ஒரு போர்டுகூட வெக்கல நீங்க."

தாவூத் பாய் தேய்த்துப் பார்த்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "கொட்டிகெடக்குதா? காலைல வந்து மெஷின் வெச்சி அளந்து போட்டேன்பா அத! நெச லேன்ல எண்ணெய் இருக்கணும். ஓரத்துல இவ்ளோ, நடுவுல இவ்ளோன்னு கணக்கு இருக்குது. எண்ணெயிலதான் பந்து சறுக்கும், அத்த தாண்டினப்புறம்தான் திரும்பும். இதுக்குன்னு நான் டிரெய்னிங்லாம் போய் வந்துகீறேன். நீ பாட்டுக்கு மாப்ப போட்டு தொடச்சிட்டியே நைனா!"

சாம்சன் திரும்பினான். பக்கத்தில் நின்ற ஸ்நேகாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

வீரராகவன் யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "மத்த மூணு பேரும் எண்ணெய்லதான் ஆடினாங்க. அதனால ஸ்நேகா போட்ட கடைசி மூணு சுற்று செல்லாது. அஞ்சாம் லேன் காலியா இருக்கு. அங்க திரும்பப் போடட்டும்."

ஸ்நேகா ஷூ நாடாவை இறுக்கினாள். ஐந்தாம் லேனுக்குப் போனாள். போகும்போது புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

இனி அந்தத் திருகு வேலைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சாம்சன் பின்னாலிருந்து அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஓடவில்லை. நாலடி நடந்து, முழங்காலை மடித்து, தாழ்வாகக் குனிந்து, பந்தைத் தள்ளினாள். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையிலிருந்து ரோலர்மேல் டிஸ்க்கை அடுத்த மேஜைக்குத் தள்ளுவது அப்படித்தான். ஒரு நாளைக்கு நானூறு டிஸ்க் தள்ளுவாள், ஒன்றுகூட ஓரத்தில் இடித்ததில்லை. பந்து கோணாமல் போய் ஏழைச் சாய்த்தது. அடுத்த சுற்றில் எட்டு. அதற்கடுத்ததில் இரண்டு பந்தில் பத்தும். எந்தக் கட்டை மிச்சம் நின்றால் எங்கே நின்று போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் போன் சொல்லிக் கொடுத்திருந்தது, அது ஒன்றும் பொய்யாகவில்லை. கனம்தான் அதில் இல்லை. அதைக் கம்பெனி சொல்லிக் கொடுத்திருந்தது.

"நல்லா ஆடுதுப்பா பொண்ணு" என்றார் தாவூத் பாய், கோபம் ஆறி. "அந்த கேமு எங்கிட்டயும் கீது. கட்ட உழுற சத்தம் கரெக்ட்டு, பாயிண்டு கரெக்ட்டு. ஆனா அதுல எண்ணெய் இல்ல, ஷூ நாறாது, கட்ட மாட்டிகினா பின்னால பூந்து எடுக்கற என்ன மாதிரி ஒர்த்தன் இல்ல. இன்னா கேமு அது?"

சாம்சன் சிரிக்கிற நிலையில் இல்லை.

தணிகைவேல் ஆடி முடித்து நூற்று நாலில் நின்றான். ஸ்நேகா கடைசிச் சுற்றில் இரண்டு பந்தில் பத்தும் சாய்த்தாள். அதற்கு இனாமாக ஒரு பந்து உண்டு. கையில் தொண்ணூற்றாறு. ஒன்பது விழுந்தால் ஜெயிப்பு. சாம்சன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினான். கர்த்தரே, நான் செய்ததை அவள் தலையில் வைக்காதீர் என்று.

ஐந்து விழுந்தது.

ஸ்நேகா போய்த் தணிகைவேலின் கையைக் குலுக்கினாள். வீரராகவன் அவனிடம் எந்த ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்டார்.

"ஜெனரல் குடுங்க சார். காலைல ஏழு மணி வரைக்கும் தூங்கணும், அவ்ளோதான்" என்றான் அந்தப் புண்ணியவான்.

தூக்கத்துக்குப் போனது ஆறு மாதம். திரும்பி வரும்போது ஸ்நேகா தோழியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாம்சன் மூன்று சீட்டுக்குப் பின்னால் தனியாக. ஒரே பஸ்ஸில் மணவாள நகர் வரை அவள் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டில் பெரிய சண்டை நடந்திருந்தால்கூடத் தேவலை. அவள் சோறு போட்டாள், பாயைப் போட்டாள், இரண்டே வாக்கியம் பேசினாள்.

"அதுல கால வெக்க சொன்னது யாரு மாமா உன்ன? ஒரு வார்த்த கேட்டுட்டு தொடச்சிருக்கலாம் இல்ல?"

அன்று ஆட்டத்தில் அவள் முறை. அவள் போடவில்லை. போனைத் திறக்கும்போதெல்லாம் 'எதிராளியின் முறை' என்றே நின்றுகொண்டிருந்தது. பதினொரு மாதத்தில் அது அவ்வளவு நேரம் அப்படி நின்றதில்லை. அவள் இல்லாத வீட்டில் மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கள் மத்தியானம் கார்டு தேய்க்கப் போனவனை செக்யூரிட்டி நிறுத்தி, எச்.ஆர். ரூமுக்குப் போகச் சொன்னார். வீரராகவன் மேஜைமேல் அந்த மஞ்சள் கார்டு இருந்தது. பக்கத்தில் விதிப் புத்தகம் திறந்து கிடந்தது.

"அஞ்சாவது கட்டம் காலியா விட்டிருக்கே."

"மறந்துட்டேன் சார். மன்னிச்சிடுங்க சார்."

"மன்னிக்க நான் யாரு? பொறுப்பானவரைக் கேக்காம ஒரு இடத்துல கை வெச்சா ரீ-டிரெய்னிங். பக்கம் நாப்பத்தி ரெண்டு, நீயே படிச்சுக்கோ."

"சார், அது மால் சார். கம்பெனி இல்ல."

"பேனர் யாரது? பிரியாணி யாரது? கம்பெனி நிகழ்ச்சி நடக்கற இடமெல்லாம் கம்பெனிதான். பக்கம் மூணு." கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "நாளையிலிருந்து ஆறு நாள் சேஃப்டி கிளாஸ். கிளாஸ் எடுக்கறவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்லதான் இருக்கார், நான் என்ன பண்றது? காலைல ஆறுலேருந்து ரெண்டு வரைக்கும். நாலேகால் பஸ்ஸப் பிடிச்சு வந்து சேரு. தண்டனைன்னா அப்படித்தான் இருக்கும்."

சாம்சன் அவர் முகத்தையே பார்த்தான். அதில் ஒரு சிரிப்பும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை நீட்டிவிட்டு அவர் அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

டீ நேரத்தில் அவன் வாட்ஸ்அப்பில் எழுதினான்: 'நாளைலேருந்து ஆறு நாள் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பனிஷ்மென்ட்.'

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: 'இன்னாத்துக்கு?'

'எண்ணெய் தொடச்சதுக்கு.'

பிறகு ஒன்றும் வரவில்லை. டீ ஆறியது. டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தபோது போன் 'டிங்' என்றது. வாட்ஸ்அப் இல்லை. அவள் தன் முறையைப் போட்டிருந்தாள். பத்தும் சாய்ந்திருந்தது. கீழே ஒரு வரி: 'ஜன்னல் சீட்டு எனக்கு.'

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்குக் கேட்டைத் தாண்டின பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஸ்நேகா, அவள் பக்கத்தில் சாம்சன். முழு நாளும் ஒற்றை ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெய் சிந்தினால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பாடம் கேட்டிருந்தான். அதை அப்படியே நடித்துக் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆனா மாமா, அந்த மூணும் நான் போட்டதுதான?"

"நீதான் போட்ட. எல்லாரும் பாத்தாங்க."

"செல்லாதுன்னாலும்?"

"செல்லாதுன்னாலும்."

"அப்ப சரி" என்றாள். "ஆறு நாளு முடிஞ்சா இன்னா பண்றது?"

"கேன்டீன்ல எங்கியாவது எண்ணெய் கொட்டிகெடக்கான்னு பாக்கறேன். கேக்காம தொடச்சிட்டா போச்சு."

"அட ச்சீ, போ." அவன் கையைக் கிள்ளினாள். கிள்ளின கையை எடுக்கவில்லை.

கவரப்பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டாள். மூன்றேகாலுக்கு எழுந்தவள் அல்லவா. தலை அவன் தோளில் சாய்ந்தது. அவள் தூங்கும்போது லேசாக வாயைத் திறந்து வைத்துக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் பகல் வெளிச்சத்தில் இப்படி நிதானமாகப் பார்த்தது இதுதான் முதல் முறை. என் பெண்டாட்டி எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டான்.

பழக்க தோஷத்தில் போனை எடுத்தான். ஆட்டம் திறந்தது. அவள் போட்டுவிட்டிருந்தாள். 'உங்கள் முறை' என்று நின்றது. பத்துக் கட்டையும் எதிரே வரிசையாக நின்றன. விரலை வைத்தான். அவளுடைய போன் அவள் மடியில் இருந்தது. இவன் போட்டால் அது 'டிங்' என்று கத்தும், அவள் எழுந்துவிடுவாள்.

விரலை எடுத்துக்கொண்டான். போனை அணைத்துச் சட்டைப் பையில் பனியன் வேஸ்ட்டோடு போட்டுக்கொண்டு, தோளை அசைக்காமல், மணவாள நகர் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.